போலீஸ் மேல சின்னப் புகார்... ‘பேசித் தீர்த்துக்கலாம்’னு சொன்னா ஒத்துக்கலாமா?

குழித்துறையிலிருந்து கழக்கூட்டத்துக்கு பைக்கில் வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை. அதியன்னூர் பக்கம் வாகனச் சோதனை. உங்கள் வண்டி டி.என். 75. டிஜிலாக்கரில் ஆர்.சி. புக்கைக் காட்டுகிறீர்கள். போலீஸ்காரர் அதைப் பார்க்கக்கூட இல்லை. “ஒரிஜினல் எவிடெடா?” என்கிறார். இருபது நிமிஷம் ஓரமாக நிற்க வைத்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் அனுப்பிவிடுகிறார்.

அடி இல்லை, லஞ்சம் இல்லை, வழக்கும் இல்லை. ஆனால் ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த ‘டா’ காதிலேயே நிற்கிறது.

இந்த மாதிரி விஷயத்தில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். சிலர் மட்டும் புகார் எழுதுகிறார்கள். எழுதின கொஞ்ச நாளில் ஒரு போன் வரும்: ஸ்டேஷன் வரைக்கும் வாங்க, பேசித் தீர்த்துக்கலாம். மலையாளத்தில் இதற்கு ‘ஒத்துதீர்ப்பு’ என்று பெயர். நம் ஊரில் சமரசம்.

ஒத்துக்கொள்ளலாமா? ஒத்துக்கொண்டால் என்ன கிடைக்கும், எதை இழப்பீர்கள்? தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது.

எது சின்னப் புகார், எது இல்லை?

மரியாதை இல்லாத பேச்சு, காரணம் சொல்லாமல் காக்க வைப்பது, கொடுத்த மனுவுக்கு ரசீது தராமல் இழுப்பது, சட்டப்படி செல்லும் டிஜிட்டல் ஆவணத்தை ஏற்க மறுப்பது, நாலு பேர் முன்னால் கேலி செய்வது. இவையெல்லாம் சின்னப் புகார்கள். சின்னது என்பதால் தப்பில்லை என்று அர்த்தம் இல்லை. 2011-ம் ஆண்டின் கேரள போலீஸ் சட்டம் 29-வது பிரிவில், பணியில் இருக்கும் போலீஸார் மக்களிடம் மரியாதையோடும் கருணையோடும் நடக்க வேண்டும், கண்ணியமான மொழியில் பேச வேண்டும் என்று சொல்கிறது. அதாவது ‘டா’ போட்டது வெறும் பண்பாட்டுக் குறைபாடு இல்லை, சட்ட மீறல்.

2021 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி தேவன் ராமச்சந்திரன் இதைத் தெளிவாகவே சொன்னார். ‘எடா’, ‘எடீ’, ‘நீ’ என்று மக்களைக் கூப்பிடுவதை போலீஸ் நிறுத்த வேண்டும் என்றார். அதே மாதத்தில் மாநில போலீஸ் தலைவரும் எல்லா ஸ்டேஷன்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். மத்தியானம் கேன்டீனில் நீங்கள் இதைச் சொன்னால், “இதுக்கெல்லாமா புகார் கொடுப்பாங்க?” என்று கேட்கிற நண்பர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

சரி, எது சின்னது இல்லை? கை வைத்தது, சட்டவிரோதமாக ஸ்டேஷனில் அடைத்தது, பணம் கேட்டது, பொய் வழக்கு போட்டது, பாலியல் சீண்டல், சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது. இவற்றைப் பேசித் தீர்க்க யாராவது கூப்பிட்டால் போகவே கூடாது. போலீஸ் தானாக வழக்குப் பதிய வேண்டிய வகைக் குற்றம் ஒன்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவர் போலீஸ்காரர் என்பதால் அந்த விதி மாறாது. பணம் கேட்டால் கேரள விஜிலன்ஸின் 1064 எண்ணுக்குப் பேசலாம்.

இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது நெய்யாற்றின்கரை மக்களுக்கு நன்றாகவே தெரியும். 2018 நவம்பர் 5-ம் தேதி ராத்திரி, கொடங்காவிளையில் கார் நிறுத்தியதைப் பற்றி ஒரு டி.எஸ்.பி.க்கும் உள்ளூர் இளைஞருக்கும் வாய்த்தகராறு. அதிகாரி தள்ளிவிட்டதில் இன்னொரு வண்டி மோதி அந்த இளைஞர் இறந்துபோனார் என்பது குற்றச்சாட்டு. எட்டு நாள் கழித்து அந்த அதிகாரியும் பிணமாகக் கிடந்தார். 2020 டிசம்பரில் இதே அதியன்னூரின் போங்கில் பகுதியில், வீட்டைக் காலி செய்யும் நீதிமன்ற உத்தரவோடு போலீஸும் அதிகாரிகளும் போனபோது, மேலே பெட்ரோல் ஊற்றிக்கொண்டு நின்ற ஒருவர் தீப்பிடித்தார். கணவன், மனைவி இரண்டு பேரும் சில நாட்களில் இறந்தார்கள். போலீஸின் அவசரம்தான் காரணம் என்று பிள்ளைகள் சொன்னதை நாடே டி.வி.யில் பார்த்தது. இவையெல்லாம் ‘ஒத்துதீர்ப்பு’க்குள் வராத விஷயங்கள். வரவும் கூடாது.

பேசித் தீர்ப்பது எங்கே சட்டமாக இருக்கிறது?

இங்கே இது பழக்கம். சில நாடுகளில் இது சட்டம்.

இங்கிலாந்தில் 1984-ம் ஆண்டின் போலீஸ் சட்டம், சின்னப் புகார்களைப் பெரிய விசாரணை இல்லாமல் முடிக்க ஒரு வழியைக் கொண்டுவந்தது. அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, புகார் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். இரண்டு, புகார் உண்மை என்றே நிரூபணமானாலும், அது அந்தப் போலீஸ்காரர் மேல் குற்ற வழக்கோ ஒழுங்கு நடவடிக்கையோ எடுக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். ‘நிரூபிப்பது கஷ்டம், அதனால் பேசி முடிப்போம்’ என்பதற்கு அங்கே இடமே இல்லை. நடந்தது எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி, சாட்சி இருக்கிறதா என்பது இல்லை. அங்கே இப்போது நடைமுறைகள் நிறைய மாறிவிட்டன. ஆனால் அந்த அளவுகோல் இன்றைக்கும் நமக்கு உதவும்.

வட அயர்லாந்தில் போலீஸுக்கு வெளியே ஒரு தனி அமைப்பு, போலீஸ் ஆம்புட்ஸ்மன், 2000 நவம்பரிலிருந்து இயங்குகிறது. அங்கேயும் சின்னப் புகாரைப் பேசித் தீர்க்கலாம், ஆனால் புகார்தாரர் சம்மதம் இல்லாமல் முடியாது. நியூயார்க்கில் போலீஸ் அல்லாதவர்களைக் கொண்ட புகார் வாரியம் 1990-களின் பிற்பகுதியிலிருந்து சமரசப் பேச்சு நடத்துகிறது. நீங்களும் அந்தப் போலீஸ்காரரும் எதிரெதிரே உட்காருவீர்கள். நடுவில் இருப்பவர் போலீஸ் இல்லை, பயிற்சி பெற்ற நடுவர்.

தமிழர்கள் நிறையப் பேர் வாழும் கனடாவின் ஒன்டாரியோவில், 2024 வரை அமலில் இருந்த போலீஸ் சேவைகள் சட்டத்தில் இன்னொரு நல்ல விஷயம் இருந்தது. சமரசத்துக்குச் சம்மதம் சொன்ன பிறகும் 12 வேலை நாட்களுக்குள் மனசு மாறினால் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். ஸ்டேஷனில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து “ஏன் ஒத்துக்கிட்டோம்?” என்று தூக்கம் கெட்டவர்களுக்குத்தான் அந்த 12 நாளின் அருமை தெரியும்.

கேரளத்தில் என்ன வழி?

2006 செப்டம்பர் 22-ம் தேதி பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் போலீஸ் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. கேரளம் தன் 2011 சட்டத்தின் 110-வது பிரிவில் அதை வைத்திருக்கிறது. மாநில ஆணையத்துக்குத் தலைவர் ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி. எஸ்.பி.யும் அதற்கு மேலும் உள்ள அதிகாரிகள் மீதான புகார்களையும், மற்றவர்கள் மீதான மிகக் கடுமையான புகார்களையும் அது பார்க்கும். மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. டி.எஸ்.பி. வரைக்கும் உள்ளவர்கள் மீதான புகார்கள் அங்கே போகும். அதாவது உங்களை ‘டா’ போட்ட போலீஸ்காரர் மேல் அங்கே புகார் கொடுக்கலாம்.

ஒரு குறையும் உண்டு. மாவட்ட ஆணையத்தில் கலெக்டரோடு மாவட்ட எஸ்.பி.யும் உறுப்பினர். புகாருக்கு ஆளானவரின் மேலதிகாரியே நியாயம் சொல்லும் இடத்தில் உட்காருகிறார்.

நடைமுறையில் சின்னப் புகார்கள் ஆணையம் வரை போவது குறைவு. பாறசாலை, நெய்யாற்றின்கரை ஸ்டேஷன்கள் திருவனந்தபுரம் ரூரல் போலீஸ் மாவட்டத்தில் வருகின்றன. ஸ்டேஷன் பொறுப்பு இன்ஸ்பெக்டரிடம், அதற்கு மேல் டி.எஸ்.பி., அதற்கு மேல் ரூரல் எஸ்.பி. நீங்கள் எங்கே எழுதினாலும் அது கீழே இறங்கி, பல சமயம் அதே ஸ்டேஷனுக்கே வந்து சேரும். அங்கிருந்துதான் உங்களுக்கு அந்த போன் வருகிறது.

பேசித் தீர்ப்பதில் உண்மையிலேயே லாபம் உண்டா?

உண்டு. சின்னப் புகார் கொடுக்கும் பலருக்கு வேண்டியது அந்த ஆளின் சம்பள உயர்வை நிறுத்துவது இல்லை. ‘தப்புதான்’ என்று ஒரு வார்த்தை. எழுத்து விசாரணையில் அந்த வார்த்தை கிடைப்பது அபூர்வம். அங்கே போலீஸ்காரர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார், ‘அப்படி நடக்கவே இல்லை’ என்று எழுதிக் கொடுப்பார். சாட்சி இல்லை என்று ஃபைல் மூடப்படும்.

அந்த ஒரு வார்த்தையின் விலை என்ன என்று பார்க்க வேண்டுமா? இதே ரூரல் மாவட்டத்தின் ஆற்றிங்கலில் 2021 ஆகஸ்ட் 27-ம் தேதி நடந்ததைப் பாருங்கள். தும்பா விண்வெளி மையத்துக்குப் போகிற ராட்சத லாரியைக் காட்ட ஒரு அப்பா தன் எட்டு வயது மகளைக் கூட்டி வந்திருந்தார். பிங்க் போலீஸ் பெண் அதிகாரி ஒருவர் தன் செல்போனைத் திருடிவிட்டதாக இரண்டு பேரையும் நடுரோட்டில் விசாரித்தார். குழந்தை அழுதது. கடைசியில் போன் போலீஸ் காரில் இருந்த பையிலேயே கிடந்தது.

அந்த இடத்திலேயே, அந்தக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து ‘மன்னிச்சுக்கோ மோளே’ என்று சொல்லியிருந்தால் கதை அநேகமாக அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த அதிகாரி கடைசியில் நீதிமன்றத்தில் நிபந்தனையற்ற மன்னிப்பு கேட்டார். அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. குழந்தையின் தரப்பு அதை ஏற்கவில்லை. 2021 டிசம்பரில் தனி நீதிபதி, குழந்தைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடும் வழக்குச் செலவுக்கு 25,000 ரூபாயும் அரசு தர வேண்டும் என்று உத்தரவிட்டார். நேரத்தில் கேட்ட மன்னிப்புக்கும் நேரம் தவறிக் கேட்ட மன்னிப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அப்புறம் எதற்குத் தயங்கணும்?

மூன்று காரணங்கள்.

முதலாவது, அந்த அறையில் நீங்களும் அவர்களும் சமம் இல்லை. யூனிஃபார்ம் போட்ட நாலு பேர் சுற்றி நிற்க, ‘உங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லையே?’ என்று கேட்டால் யார்தான் ‘இருக்கு’ என்பார்கள்? அதுவும் நாளைக்குக் காலையில் அதே செக்கிங்கைத் தாண்டித்தான் வேலைக்குப் போகணும், வண்டியில் வெளிமாநில நம்பர் பிளேட் என்றால்?

இரண்டாவது, எழுதாமல் முடித்த புகார் நடக்காத புகார் மாதிரி. அதே போலீஸ்காரர் மேல் உங்களுக்கு முன்னால் ஐந்து பேர் வாய்மொழியாகப் பேசி முடித்திருந்தால், ஆறாவதாக வரும் நீங்கள்தான் கணக்கில் முதல் ஆள். அவருக்குப் பயிற்சி தேவையா, இடமாற்றம் தேவையா என்று மேலதிகாரிக்குத் தெரியவே தெரியாது.

மூன்றாவது, பெரிய விஷயத்தைச் சின்னதாக்கும் ஆபத்து. 2023 ஏப்ரலில் திருச்சூர் மாவட்டம் குன்னங்குளம் ஸ்டேஷனில் ஒரு இளைஞர் காங்கிரஸ் நிர்வாகி தாக்கப்பட்டார். துறை அளவில் லேசான நடவடிக்கையோடு விஷயம் அடங்கிப்போயிருந்தது. அவர் விடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் போராடி ஸ்டேஷன் சி.சி.டி.வி. காட்சியை வாங்கினார். 2025 செப்டம்பரில் அது வெளியே வந்ததும்தான் நாலு போலீஸார் சஸ்பெண்ட் ஆனார்கள். இடையில் இரண்டரை வருஷம்.

ஒத்துக்கொள்வதென்றால், எப்படி?

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் உடனே ‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நாலு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கூப்பிடுவது யார்? புகாருக்கு ஆளானவரோ அவரோடு டியூட்டி பார்ப்பவரோ நடுவராக இருக்க முடியாது. டி.எஸ்.பி. அலுவலகத்தில் வைத்துப் பேசலாம் என்று கேளுங்கள். ஒரு நண்பரையோ வக்கீலையோ கூட்டிப் போங்கள். உள்ளூர் பஞ்சாயத்து மெம்பர் கூட வந்தாலும் பேச்சின் தொனியே மாறும்.

உங்களுக்கு என்ன வேண்டும்? போவதற்கு முன்னாலேயே ஒரு வரியில் எழுதி வையுங்கள். மன்னிப்பா, விளக்கமா, ஆவணத்தைத் திருப்பித் தருவதா, இனி டிஜிலாக்கரை ஏற்கச் சொல்லி ஸ்டேஷனுக்கு அறிவுறுத்தலா? இது தெரியாமல் போனால் ஒரு டீயோடு திரும்பி வருவீர்கள்.

எழுத்தில் இருக்கிறதா? என்ன புகார், என்ன ஒத்துக்கொள்ளப்பட்டது, யார் மன்னிப்பு கேட்டது, தேதி, கையெழுத்து. உங்களுக்கு ஒரு நகல். ‘புகாரை வாபஸ் வாங்குகிறேன்’ என்று மட்டும் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘இன்ன அடிப்படையில் இந்தப் புகார் தீர்ந்தது’ என்று எழுதச் சொல்லுங்கள். மலையாளத்தில் எழுதியிருந்தால், புரிகிற ஒருவர் படித்துச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

கதவு திறந்திருக்கிறதா? யோசிக்க நேரம் கேளுங்கள். ஒன்டாரியோவின் 12 நாள் இங்கே சட்டத்தில் இல்லை. ஆனால் ‘நாளைக்குச் சொல்றேன்’ என்று சொல்வதை யாரும் தடுக்க முடியாது. அதே சமயம் பேச்சு இழுத்துக்கொண்டே போனால் நாளும் ஓடும். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

ஆதாரத்தை முதல் நாளே பத்திரப்படுத்துங்கள். பொது இடத்தில் போலீஸ் செய்வதை மக்கள் சட்டத்துக்கு உட்பட்டு வீடியோ எடுப்பதைத் தடுக்கக் கூடாது என்று கேரள போலீஸ் சட்டத்தின் 33-வது பிரிவே சொல்கிறது. வேலைக்கு இடைஞ்சல் செய்யாமல், கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். வீடியோ இல்லையென்றால் நேரம், இடம், போலீஸ்காரரின் பெயர்ப்பட்டை, ஜீப் நம்பர் இவற்றை உங்களுக்கே ஒரு மெசேஜாக அனுப்பி வையுங்கள். ஸ்டேஷனுக்குள் நடந்திருந்தால் சி.சி.டி.வி. காட்சி வேண்டும் என்று சீக்கிரமே எழுதிக் கொடுங்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க ஸ்டேஷன்களில் கேமரா வைக்கவும், பதிவுகளை 18 மாதம் வரை வைத்திருக்கவும், அதற்கு வசதி இல்லாவிட்டாலும் குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்கவும் சொல்லியிருக்கிறது.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். கேரளத்தின் 1969-ம் ஆண்டு ஆட்சி மொழிச் சட்டம், அந்த மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வர வேண்டும் என்கிறது. சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பயன்படுத்தாமலே வைத்திருக்கும் உரிமை இது. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு மாறியதே தவிர, இரண்டு பக்கமும் பேச்சு அவ்வளவாக மாறவில்லை.

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் நடந்தால்?

அப்போது உங்களுக்குப் பொருந்துவது 2013-ம் ஆண்டின் தமிழ்நாடு போலீஸ் சீர்திருத்தச் சட்டம். இங்கே மாநிலப் புகார் ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டி.ஜி.பி.யும் ஏ.டி.ஜி.பி.யும். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், கூட எஸ்.பி. நீதிபதி ஒருவர் தலைமையில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தச் சட்டத்தில் இல்லை. அதனால் எழுத்து, நகல், சாட்சி, அவகாசம் என்கிற மேலே சொன்ன எச்சரிக்கைகள் இந்தப் பக்கம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்பதில் ஆரம்பித்த விஷயம் தந்தை, மகன் இருவரின் மரணத்தில் முடிந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது.

எல்லா ‘டா’வும் அங்கே போய் முடிவதில்லை. ஆனால் ‘டா’ போட்டால் யாரோ ஒருவர் எழுதிக் கேட்பார், அது ஃபைலில் நிற்கும் என்று தெரிந்த ஸ்டேஷனில் கை ஓங்குவதற்கு முன் ஒரு யோசனை வரும். பேசித் தீர்ப்பது நல்ல வழிதான். பேசினதற்கு ஒரு தாள் உங்கள் கையிலும் இருக்கட்டும்.